டிமென்ஷியா இல்லத்தில் சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

பராமரிப்பு இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வரவேற்பறையைப் பார்த்துவிட்டு, அறையைப் பார்த்துவிட்டு, கட்டண விவரத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், சரி என்று முடிவும் எடுத்துவிடுகிறார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் புரிதலும் பேச்சும் படிப்படியாகக் குறையும் மறதி நோய், உள்ள ஒருவரை அங்கே விடப்போகிறீர்கள் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: உள்ளே இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்?

குளிக்க வேண்டாம், சாப்பாடு வேண்டாம், இந்த மாத்திரை வேண்டாம், நான் இங்கே இருக்க மாட்டேன். டிமென்ஷியா உள்ளவர் ஒரே நாளில் இதைப் பல தடவை சொல்வார். பேச்சு போய்விட்டவர் என்றால் கையைத் தட்டிவிடுவார், வாயை இறுக மூடிக்கொள்வார், கதவை இழுத்துக்கொண்டே நிற்பார். ஊழியர் அப்போது ஏன் என்று பார்க்கலாம், இல்லையென்றால் அடக்கலாம். ஏன் என்று பார்க்க நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும், அந்த மனிதரைத் தெரிந்திருக்கவும் வேண்டும். அடக்குவதற்கு ஒரு பெல்ட்டோ ஒரு மாத்திரையோ போதும். தரக்கட்டுப்பாடு என்று ஃபைல் ஃபைலாக எழுதி வைத்திருப்பது எல்லாம் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

எப்போது போவது, எதைப் பார்ப்பது

முதல் தடவை சொல்லிவிட்டே போங்கள், மேலாளரிடம் பேச வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள், அதுவும் மாலை 4 மணியிலிருந்து 7 மணிக்குள். டிமென்ஷியா உள்ள பலருக்கு வெளிச்சம் குறையும் அந்த நேரத்தில்தான் பதற்றமும் குழப்பமும் கூடும், அதே நேரத்தில்தான் ஷிஃப்ட் மாறும், இரவுச் சாப்பாட்டு வேலையும் ஆரம்பிக்கும். ஒரு இல்லம் தடுமாறுகிறதா சமாளிக்கிறதா என்பது அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். விடுமுறை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அன்றுதான் ஆள் குறைவு. சொல்லாமல் வரக்கூடாது என்று தடுக்கிறார்களா? படுக்கையறைப் பக்கம் விட மாட்டோம் என்றால் நியாயம், மற்றவர்களின் அந்தரங்கம் இருக்கிறது. பொதுக்கூடத்தில் உட்காரவே விடவில்லை என்றால் நான் அடுத்த இடம் பார்க்கப் போய்விடுவேன்.

உள்ளே போனதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மா இருங்கள். எல்லோரும் சுவரோரமாக வரிசையாக உட்கார வைக்கப்பட்டு, யாரும் பார்க்காத டிவி ஓடிக்கொண்டிருக்கிறதா? ஊழியர் பேசும்போது கண் மட்டத்துக்குக் குனிந்தோ பக்கத்தில் உட்கார்ந்தோ பேசுகிறாரா, இல்லை நின்றபடியே தலைக்கு மேல் இன்னொரு ஊழியரிடம் 'இவருக்கு மாத்திவிட்டாச்சா' என்று கேட்கிறாரா? சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போகிறாரா? மூத்திர வாடை ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் இப்போதுதான் ஏதோ ஆகியிருக்கிறது, கழுவிவிடுவார்கள். கட்டிடம் முழுக்க இருந்தால் அது பழகிப்போன வாடை. எதுவுமே தெரியாத அளவுக்கு வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

டாம் கிட்வுட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1980களிலும் 90களிலும் இந்த மாதிரி இடங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து கவனித்தார். குழந்தையைப் போலப் பேசுவது, அவரால் பின்தொடர முடியாத வேகத்தில் வேலையை முடிப்பது, இருக்கும்போதே இல்லாதவர் போல நடத்துவது, ஏமாற்றி வேலை வாங்குவது என்று ஒரு பட்டியலே போட்டார். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்ல, அந்த இடத்தின் பழக்கம் அவர்களை அப்படி ஆக்கிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். இன்று 'நபரை மையமாகக் கொண்ட பராமரிப்பு' என்று எல்லா இல்லத்தின் விளம்பரத்திலும் வருகிறதே, அந்த யோசனை டிமென்ஷியா பராமரிப்புக்குள் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. விளம்பரத்தில் எழுதுவது எளிது. அந்த அரை மணி நேரத்தில் அது உங்கள் கண்ணில் பட்டதா என்பதுதான் கேள்வி.

ஆள் கணக்கு

இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. 'எத்தனை ஊழியர்கள்' என்று பொதுவாகக் கேட்டால் சமையல்காரர், தோட்டக்காரர், கணக்கர் எல்லோரையும் சேர்த்து ஒரு எண் சொல்வார்கள். 'நேற்று இரவு 2 மணிக்கு இந்த மாடியில் விழித்திருந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டார்கள்' என்று கேளுங்கள். நேற்று என்று சொல்வது முக்கியம், அப்போதுதான் திட்டத்தில் இருப்பதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்வார்கள். அமெரிக்க அரசுக்காக 2001-ல் முடித்த ஒரு பெரிய ஆய்வு, நர்சிங் ஹோமில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 4.1 மணி நேர நர்சிங் கவனிப்பு கிடைக்காவிட்டால் பராமரிப்பின் தரம் பாதிக்கப்படுகிறது என்றது. நர்ஸ், உதவியாளர் எல்லோருடைய நேரத்தையும் சேர்த்த கணக்கு இது. நீங்கள் போகும் இடத்தில் இதே எண் வர வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் நேரடிப் பராமரிப்பில் இருக்கிறார்கள் என்று பெருக்கி, இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் என்று வந்தால் யாரையும் பொறுமையாகச் சாப்பிட வைக்க அங்கே முடியாது. அது ஊழியரின் குணத்தைப் பற்றிய விஷயமே இல்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், ஒரே ஆள் ஒரே நபரைத் தொடர்ந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். பெயர் நினைவில் நிற்காதவருக்கும் முகத்தின், குரலின் பழக்கம் நிற்கும். தினமும் ஒரு புது ஆள் வந்து உடையைக் கழற்றினால் யாராக இருந்தாலும் எதிர்ப்பார்கள்தானே. அங்கே ரொம்ப நாளாக வேலை செய்பவர் யார், எத்தனை வருடம் ஆகிறது, போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், இதையும் மேலாளரிடம் மட்டும் கேட்காமல் தரை துடைப்பவரிடமும் பேச்சுவாக்கில் கேளுங்கள். பயிற்சி பற்றிக் கேட்டால் சான்றிதழைக் காட்டுவார்கள். அதைவிட, எந்த ஊழியரையாவது பார்த்து 'ஒருவர் குளிக்க மாட்டேன் என்று அடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

குளியல்

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் எப்படி இருக்கும்? 'விட்டுவிட்டு கால் மணி நேரம் கழித்து வேறு ஆளை அனுப்புவோம்', 'தண்ணீர் சத்தம் அவருக்குப் பயம், அதனால் வாளியில் முன்பே பிடித்து வைத்துவிடுவோம்', 'இன்றைக்கு முகமும் அக்குளும் அடிப்பகுதியும் மட்டும் துடைத்துவிடுவோம், குளியல் நாளைக்கு'. மோசமான பதில், 'ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு முடித்துவிடுவோம்'.

குளியலுக்கு எதிர்ப்பு வருவதற்குக் காரணங்கள் அநேகமாகச் சாதாரணமானவை. குளிர், வெட்கம், வழுக்கிவிடுமோ என்ற பயம், மூட்டு வலி, தலையில் திடீரென்று தண்ணீர் விழும் அதிர்ச்சி. 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் குளிப்பாட்டும் முறையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு அவரவர் விருப்பத்துக்கு ஏற்ற ஷவர் குளியல், இன்னொரு குழுவுக்குப் படுக்கையிலேயே உடம்பை மூடியபடி வெதுவெதுப்பான ஈரத் துண்டால் துடைத்துவிடும் குளியல். இரண்டு முறையிலுமே அடிப்பது, கிள்ளுவது போன்றவை பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. மருந்து எதுவும் இல்லை. அறையை முன்கூட்டியே சூடாக்குவது, தோளில் ஒரு துண்டைப் போர்த்துவது, காலிலிருந்து ஆரம்பித்து மேலே வருவது, தலைமுடியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் வித்தை. குளியல் அட்டவணையில் எல்லோருக்கும் ஒரே நேரம், காலை 5 மணி என்று இருந்தால் இந்த வித்தைக்கெல்லாம் அங்கே இடமில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் எழுதித் தர வேண்டிய ஒரு பக்கம்

இல்லம் கேட்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், என்ன வேலை செய்தவர், எப்போது எழுந்து பழக்கம், குளிப்பது காலையா மாலையா, எதைக் கண்டால் பயம், எந்தப் பாட்டுக்கு முகம் மலரும், கண்ணாடி எதற்கு, காது மெஷின் எந்தக் காதில், யார் இறந்ததை அவர் மறந்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். முப்பது வருடம் இரவு ஷிஃப்ட்டில் வேலை செய்தவர் ராத்திரி 2 மணிக்கு எழுந்து தாழ்வாரத்தில் நடந்தால், இந்தக் காகிதத்தைப் படித்த ஊழியர் ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்து 'வாங்க, ஒரு ரவுண்டு போய்ப் பூட்டெல்லாம் பார்த்துட்டு வரலாம்' என்பார். படிக்காதவர் தூக்க மாத்திரை எழுதச் சொல்வார். காகிதம் ஃபைலுக்குள் போய்விடாமல் அறையில், ஊழியர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

எந்த வகை டிமென்ஷியா என்பதையும் அதில் எழுதுங்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அல்சைமர்தான் காரணம், அல்லது அதற்கும் பங்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் லூயி பாடி வகை (மூளைச் செல்களுக்குள் ஒரு புரதம் சிறு உருண்டைகளாகச் சேரும் வகை) என்றால் மருந்து விஷயத்தில் பெரிய எச்சரிக்கை வேண்டும், அதை அடுத்துச் சொல்கிறேன். மூளையின் முன்பகுதியையும் பக்கப்பகுதியையும் தாக்கும் ஃப்ரண்டோ டெம்போரல் வகை என்றால் ஞாபகம் ஓரளவு நன்றாகவே இருக்கும், பேச்சும் நடத்தையும்தான் மாறியிருக்கும். இவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று ஊழியர் நினைத்துவிடுவார்கள்.

மாத்திரை

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அதிகத் தீங்கு நடப்பது இங்கேதான், வெளியே தெரியாமல் நடப்பதும் இங்கேதான்.

ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஒலான்சாபின், ஹாலோபெரிடால். இவை மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான மருந்துகள். டிமென்ஷியா உள்ளவர் கத்தினால், அடித்தால், அலைந்தால் இவற்றை எழுதிக் கொடுக்கும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகைப் புதிய மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு ஆகிறது என்று மருந்து அட்டையிலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது. பத்து வாரம் போல நடந்த பரிசோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். 2008-ல் பழைய வகை மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. 2009-ல் பிரிட்டனில் அரசு கேட்டு வாங்கிய ஒரு அறிக்கை, அந்த நாட்டில் ஒரு வருடத்தில் இந்த மருந்து கொடுக்கப்படும் சுமார் 1,80,000 டிமென்ஷியா நோயாளிகளில் 36,000 பேருக்குத்தான் ஓரளவு பலன், கூடுதல் இறப்புகள் 1,800 என்று கணக்குப் போட்டது. லூயி பாடி வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் உடம்பை விறைக்க வைத்து, நினைவு தப்ப வைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியென்றால் இவற்றைக் கொடுக்கவே கூடாதா? கொடுக்க வேண்டிய நேரமும் உண்டு. இல்லாததைக் கண்டு நடுங்கித் துடிப்பவர், தன்னையோ பிறரையோ காயப்படுத்துபவர், வேறு எல்லாம் செய்து பார்த்தும் அடங்காத வேதனை. அப்போதும் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது இன்னும் தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். எதற்காக ஆரம்பித்தோம், எப்போது நிறுத்திப் பார்ப்போம் என்று எழுதியிருக்க வேண்டும். 'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்று எழுதப்பட்ட தூக்க மாத்திரையும் மயக்க மாத்திரையும் யாருடைய தேவைக்குக் கொடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். மருந்துப் பதிவேட்டில் ஆள் குறைவான இரவுகளில் மட்டும் டிக் விழுந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு தடவை முழு மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக எதுவாவது சேர்ந்தால் ஏன், யார் எழுதியது, யாரிடம் கேட்டார்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் டைஃபென்ஹைட்ரமைன், சிறுநீர் அடங்காமைக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், அமிட்ரிப்டிலின் இவையெல்லாம் குழப்பத்தைக் கூட்டக்கூடியவை, அதனால் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து தெரியாமல் கொடுப்பது இன்னொன்று. சில சமயம் அதுவே சரியான வழியாக இருக்கலாம். ஆனால் சமையலறையில் நிற்கும் ஊழியர் தனியாக எடுக்கக்கூடிய முடிவு அல்ல அது. மருத்துவர், மருந்தாளர், குடும்பம் மூவரும் பேசி எழுத்தில் இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

கட்டிவைப்பது

கட்டிவைப்பது என்றவுடன் கயிறு நினைவுக்கு வரும், எங்கள் இல்லத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். நீங்கள் தேட வேண்டியது வேறு உருவங்களை. சக்கர நாற்காலியின் முன்னால் பூட்டிய சாப்பாட்டுப் பலகை, எழுந்திருக்கவே முடியாத ஆழமான சாய்வு நாற்காலி, சுவரை ஒட்டி நகர்த்திய மேஜை, எட்டாத தூரத்தில் வைத்த வாக்கர், கழற்றி வைத்த செருப்பு, கையில் மாட்டிய உறை. இவை எல்லாமே கட்டுத்தான். அமெரிக்காவில் 1987-ல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ உடலையும் கட்டக்கூடாது, மருந்தாலும் கட்டக்கூடாது என்று சொன்னது. மருந்தையும் கட்டு என்றே அந்தச் சட்டம் அழைத்தது கவனிக்க வேண்டியது.

'விழுந்துவிடுவார், அதனால்தான்' என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லும் காரணம். கட்டுவதால் பலத்த காயங்கள் குறைவதாக நிரூபணமாகவில்லை. தசை கரைகிறது, படுக்கைப் புண் வருகிறது, அடுத்த தடவை எழும்போது இன்னும் எளிதாக விழுகிறார். கட்டிலின் பக்கக் கம்பியும் அப்படித்தான். குழப்பத்தில் இருப்பவர் அதன் மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், அப்போது விழும் உயரம் கூடிவிடும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் கழுத்து சிக்கி இறந்தவர்களும் உண்டு. தரையோடு தாழ்த்தக்கூடிய கட்டில், பக்கத்தில் ஒரு மெத்தை விரிப்பு, இரவில் கழிப்பறை வரை மெல்லிய வெளிச்சம், நழுவாத செருப்பு, விழித்திருக்கும் ஒரு ஆள், இதுதான் மாற்று. பலர் ராத்திரி எழுவது சிறுநீர் கழிக்கத்தான். ராத்திரி 1 மணி வாக்கில் ஒரு தடவை எழுப்பிக் கூட்டிப்போனால் 3 மணிக்கு அவர் தானாக எழுந்து விழுவது குறையும்.

அலைந்துகொண்டே இருப்பவருக்கு அலைய இடம் வேண்டும். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வீஸ்ப் என்ற ஊரில் 2009-ல் முழுமையாகத் திறந்த டி ஹோகெவெய்க் இதில் பிரபலம். ஒவ்வொரு வீட்டிலும் ஆறேழு பேர், தெருக்கள், தோட்டம், கடை, உணவகம், எல்லாம் ஒரே வளாகத்துக்குள். வெளி வாசல் மட்டும்தான் மூடியிருக்கும், உள்ளே எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த அளவுக்கு எல்லா இடத்திலும் கட்ட முடியாது, தெரியும். முட்டிக்கொள்ளாமல் சுற்றிவர ஒரு தாழ்வாரம், பூட்டாத ஒரு முற்றம், நடுவில் உட்கார ஒரு பெஞ்சு, இது எந்தக் கட்டிடத்திலும் முடியும்.

கட்டிடத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. கறுப்புக் கால்மிதி டிமென்ஷியா உள்ளவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும், பளபளக்கும் தரை தண்ணீராகத் தெரியும், கண்ணாடியில் தெரியும் தன் முகம் யாரோ அந்நியராகத் தெரியும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிப்பறை என்றால் எங்கே உட்காருவது என்றே தெரியாது. கழிப்பறை இருக்கையை மட்டும் வேறு நிறத்தில் மாற்றினாலே தேவலை.

திடீரென்று மாறிவிட்டாரா

நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இன்று அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார், அல்லது எழுப்ப எழுப்ப எழாமல் சுருண்டு படுத்திருக்கிறார் என்றால் அது டிமென்ஷியா முற்றியது அல்ல. டிமென்ஷியா மணிக்கணக்கில் முற்றாது. இதை டெலிரியம் என்பார்கள், அதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கும். வலி, தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தண்ணீர் குறைவு, புது மருந்து, இதெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிதற்றுகிறவரையாவது கவனிப்பார்கள், அமைதியாகச் சுருண்டுவிடுகிறவரை 'இன்று தொந்தரவில்லை' என்று விட்டுவிடுவார்கள், அதுதான் அதிக ஆபத்து. இல்லத்திடம் கேளுங்கள்: இப்படி ஆனால் எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்ப்பார், ராத்திரி என்றால் யார் முடிவெடுப்பார்?

வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரின் வலி, கத்தலாகவும் அடியாகவும் வெளியே வரும். நார்வேயில் 18 நர்சிங் ஹோம்களில் 352 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், கலவரமாக நடந்துகொள்ளும் டிமென்ஷியா நோயாளிகளுக்குப் படிப்படியாக வலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். எட்டு வாரத்தில் கலவரம் 17 சதவீதம் குறைந்தது. பேச முடியாதவரின் வலியை அளக்க பெயினாட் என்ற எளிய அளவுகோல் இருக்கிறது: மூச்சு, முனகல், முகம், உடம்பு இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. 'நீங்கள் வலியை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு 'அவர்தான் ஒன்றும் சொல்லவில்லையே' என்று பதில் வந்தால், அங்கே வலியை யாரும் தேடுவதே இல்லை.

சாப்பாடு

பாஸ்டன் பகுதி நர்சிங் ஹோம்களில் முற்றிய டிமென்ஷியா உள்ள 323 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், சுமார் 86 சதவீதம் பேருக்குச் சாப்பிடுவதில் சிக்கல் வந்தது. ஆக இது வந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டு தயாராக இருக்கும் இல்லமாகப் பாருங்கள். சாப்பாட்டு வேளையில் போய் நில்லுங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா, நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாரா, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்காமல் இருக்கிறாரா. தட்டு அவருக்கு எட்டாத இடத்தில் ஆறிப்போய்க் கிடந்து, பிறகு 'சாப்பிடவில்லை' என்று எழுதி எடுத்துப்போவதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

தட்டின் நிறத்தைக்கூடக் கவனிக்கலாம். 2004-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் வெள்ளைத் தட்டு, டம்ளருக்குப் பதில் அடர் சிவப்பில் கொடுத்ததும் சாப்பிட்ட அளவு 25 சதவீதமும் குடித்த அளவு 84 சதவீதமும் கூடியது. மிகச் சில பேரை வைத்துச் செய்தது, அதனால் அந்த எண்களைப் பெரிதாக நம்ப வேண்டாம், ஆனால் முயன்று பார்க்க எந்தச் செலவும் இல்லை. மாதம் ஒரு முறை எடை எழுதப்பட வேண்டும். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் உடனே காரணம் தேட வேண்டும். பல் செட் பொருந்துகிறதா, வாயில் புண்ணா, விழுங்குவதில் சிரமமா, மனச்சோர்வா?

முற்றிய நிலையில் மூக்கு வழியாகவோ வயிற்றில் துளை போட்டோ டியூப் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், டியூப் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்றே பரிந்துரைக்கிறது. டியூப்பைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள், அது வேறு.

உடம்பில் பார்க்க வேண்டியவை

போகும்போதெல்லாம் காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள், முடிந்தால் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதியையும். படுக்கைப் புண் ஆரம்பிக்கும் இடங்கள் அவை. அழுத்தி எடுத்தாலும் வெளிறாத சிவப்பு முதல் கட்டம் என்று பாடத்தில் இருக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது, அதனால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, நிறம் மாறியோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வாய்க்குள் பாருங்கள், பல் துலக்காத வாயிலிருந்து கிருமி நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரும். நகம், காது மெஷினில் பேட்டரி, கண்ணாடி யாருடையது. கண்ணாடியும் பல் செட்டும் மாறிப்போவது இந்த இடங்களில் சர்வ சாதாரணம், எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். நடக்கக்கூடியவரை வந்த முதல் நாளே டயப்பருக்கு மாற்றிவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். நேரம் பார்த்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் பலருக்கு டயப்பர் இன்னும் ரொம்ப நாளைக்குத் தேவைப்படாது.

சேர்த்த பிறகு

முதல் சில வாரம் 'வீட்டுக்குப் போகணும்' என்பார். இதுதான் உங்கள் வீடு என்று வாதாட வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று தினமும் பொய்யும் வேண்டாம். 'வீட்டில் யார் இருப்பாங்க', 'என்ன செய்வீங்க அங்கே' என்று கேட்டால் பேச ஆரம்பிப்பார், அப்படியே கூட நடந்துகொண்டே கேட்கலாம். சில சமயம் அதன் பொருள் பசி, சில சமயம் கழிப்பறை, சில சமயம் பயம். ஊழியர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் பக்கத்தில் நின்று கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் போகாமல் மாற்றி மாற்றிப் போங்கள், ஒரு நோட்டு வைத்துத் தேதி போட்டு எழுதுங்கள். குறை இருந்தால் முதலில் அந்த ஷிஃப்ட்டின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், 'யார் செய்தது' என்று ஆரம்பிக்காமல் 'இது எப்படி நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். ஒரு உதவியாளரைத் திட்டி வேலையை விட்டு அனுப்ப வைப்பது சுலபம், அடுத்த நாள் அவர் இடத்தில் உங்கள் வீட்டுப் பெரியவரைத் தெரியாத ஒருவர் வருவார். பதில் இல்லையென்றால் எழுத்தில் மேலாளருக்கு, அதற்கும் இல்லையென்றால் இல்லங்களைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு. ஆனால் மேல் கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருக்கிறது, ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் ஒடுங்கிப்போகிறார், எலும்பு முறிந்ததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், புண் இருப்பதை உங்களிடம் மறைத்திருக்கிறார்கள் என்றால் இந்தப் படியெல்லாம் வேண்டாம். போட்டோ எடுத்து, வெளி மருத்துவரிடம் காட்டி, நேராகப் புகார் கொடுங்கள். நல்லதைக் கண்டால் அதையும் பெயர் சொல்லி மேலாளரிடம் சொல்லுங்கள், இந்த வேலையில் அதை யாரும் சொல்வதில்லை.

கடைசிக் காலத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், அவராலேயே ஓரளவு சொல்ல முடிகிற காலத்தில் என்றால் ரொம்ப நல்லது. டிமென்ஷியா உயிரைப் பறிக்கும் நோய் என்பதை பல குடும்பங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸில் ஏற்றுவதா, இல்லத்திலேயே பார்ப்பதா? நெஞ்சு நின்றால் அழுத்துவதா? வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து ராத்திரியில் இல்லத்திலேயே கிடைக்குமா, கொடுக்கத் தெரிந்த நர்ஸ் இருப்பாரா? அந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் உடன் தங்கலாமா? பதில்களை எழுதி, மருத்துவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நிலைமை மாறும்போதெல்லாம் அதை எடுத்துத் திருத்துங்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பதையும் ஒரு ராத்திரி போன் செய்து கேட்டுவிடுங்கள்.